பதினைந்தாவது பெயர்

புதுச்சேரி
3.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரதீபா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் எப்போதும் அண்ணிதான் எடுக்கிறார். நீங்கள் குளிக்கிறீர்கள், வயலுக்குப் போயிருக்கிறீர்கள், இப்போதுதான் படுத்தீர்கள். இரண்டு வருஷமாக இதே பதில்தான். அதனால் கடிதம் எழுதுகிறேன். உங்கள் பெயருக்கு வந்த கடிதத்தை நீங்கள் படிக்காமல் வைக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

இங்கே எல்லோரும் நலம். நிலா கல்லூரி மூன்றாம் வருஷம். மாமாவை ஏன் பார்க்கப் போவதில்லை என்று கேட்பதை இப்போது நிறுத்திவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். காரைக்கால் பகுதிக்கு ஒரு சோதனைத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நுரையீரல் புற்றுநோயை, இருமலும் இளைப்பும் தொடங்கும் முன்பே கண்டுபிடிப்பது. குறைந்த கதிர்வீச்சில் ஒரு சி.டி. ஸ்கேன், ஐந்து நிமிஷ வேலை. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள், ஒரு நாளைக்கு ஒரு கட்டு வீதம் இருபது வருஷமாவது பீடியோ சிகரெட்டோ பிடித்தவர்கள், இவர்களுக்குத்தான் முதலில். கூடவே பீடியை விடுவதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு.

அரிசி மில்லில் உமி அடுப்புப் புகையிலேயே நின்றவர்களையும் கணக்கெடுக்க விரும்புகிறேன். இருபத்தேழு வருஷம் அங்கே மேற்பார்வை பார்த்து வருகைப் பதிவேடு எழுதியவர் நீங்கள். யார் யார் இருபது வருஷத்துக்கு மேல் புகையில் நின்றார்கள் என்று ஒரு பட்டியல் போட்டு அனுப்ப முடியுமா?

உங்களுக்கும் அறுபத்தொன்று ஆகிறது. பீடி எத்தனை வருஷம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
பிரதீபா


போலகம்
14.2.2025

தங்கைக்கு உத்திராபதி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. அல்லி மூட்டு வலியோடு நடமாடிக்கொண்டிருக்கிறாள். தாளடி அறுவடை முடிந்தது. மகசூலைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

நீ கேட்ட பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். மொத்தம் நாற்பத்திரண்டு பேர். பழைய பதிவேடுகளைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன். பெயர், வயது, எத்தனை வருஷம், என்ன வேலை, பீடி உண்டா இல்லையா, வீடு எங்கே, எல்லாம் இருக்கிறது.

உங்கள் ஆபீஸில் அச்சடித்த துண்டுக் காகிதத்தையும் அனுப்பியிருந்தாய். படித்துப் பார்த்தேன். "புகையிலைப் பொருட்களின் நுகர்வைத் தவிர்ப்பீர்." இதை எந்த ஊர் மனுஷனுக்காக எழுதினீர்கள்? மில்லில் இருந்த அலாவுதீனிடம் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "நான் பீடிதானே பிடிக்கிறேன், இது வேற யாருக்கோ"ன்னு மடிச்சுக் கொடுத்துட்டார். அவருக்கு எழுபது வயசு. பதினாலு வயசிலிருந்து பிடிக்கிறார்.

வேறு விசேஷமில்லை.

இப்படிக்கு,
உத்திராபதி


புதுச்சேரி
20.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பட்டியலைப் பார்த்தேன். நீங்கள் செய்த வேலைக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் சண்டை போடத்தான் தோன்றுகிறது.

நாற்பத்திரண்டு பேரில் ஆறு பேர் இறந்தவர்கள். அவர்களை ஏன் எழுதினீர்கள்? ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "டி.பி. என்றார்கள்", "ஆஸ்துமா என்றார்கள்", "ஒன்றும் சொல்லவில்லை" என்று வேறு குறித்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை அலுவலகத்தில் வைத்து என்னால் முழுக்கப் படிக்க முடியவில்லை. எனக்கு வேண்டியது உயிரோடு இருப்பவர்கள்.

அடுத்து, பதினான்கு பேர் வாஞ்சூர் தாண்டி அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள். அவர்கள் தமிழ்நாடு. இது புதுச்சேரி அரசின் திட்டம். ரேஷன் கார்டும் ஆதாரும் இந்தப் பக்கத்து முகவரியில் இருந்தால்தான் சேர்க்க முடியும். நான் வைத்த விதி இல்லை இது.

பெரியநாயகி என்று ஒருவர். இருபத்தாறு வருஷம் உமி அடுப்படியில். பீடி பிடித்ததே இல்லை. இவர் போன்றவர்களுக்கு ஸ்கேன் எடுப்பதால் நன்மையா, வீண் பயமா என்று ஆராய்ச்சிகளே இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. நானாக எடுத்துவிட முடியாது.

மீதி இருபத்தொரு பேர். ஏப்ரல் பன்னிரண்டு, சனிக்கிழமை, முதல் முகாம்.

கடைசியாக ஒன்று. மூன்று தடவை மேலிருந்து கீழ் வரை தேடினேன். உத்திராபதி என்ற பெயர் எங்கே?

பிரதீபா


போலகம்
2.3.2025

தங்கைக்கு,

உன் கேள்வியை எடுத்துத் திரும்பப் படித்துப் பார். இருபது வருஷத்துக்கு மேல் புகையில் நின்றவர்கள் யார் யார் என்று கேட்டாய். நின்றவர்களை எழுதினேன். உயிரோடு இருக்கிறவர்கள் மட்டும் என்று நீ கேட்கவில்லை.

இப்போது அந்தப் பதினாலு பேருக்கு வருகிறேன். செக்போஸ்ட்டைத் தாண்டி சைக்கிளிலும் நடந்தும் தினமும் வந்து, நம் பக்கத்து நெல்லை அவித்து, நம் பக்கத்து உமியை எரித்து, சாயங்காலம் திரும்பிப் போனவர்கள் அவர்கள். புகை குடித்தது இங்கே. தூங்கினது மட்டும் அங்கே. அவர்கள் தூங்குகிற இடத்தைப் பார்த்து நீ நோய் தேடுகிறாயா?

பெரியநாயகியிடம் இப்படி ஒரு சோதனை வருகிறது என்று நானே வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நேற்று வீட்டுக்கே வந்து கேட்டாள். உனக்கு இல்லையாம் என்றேன். அவள் கோபப்படவில்லை. "எனக்கு இல்லாட்டி போவட்டும் மேஸ்திரி, எதுக்கு இல்லைன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றாள். என்ன சொல்ல? பீடி பிடிக்காதது உன் தப்பு என்றா?

என் பெயரைத் தேடினாயே, அதற்குப் பதில் இது. அந்தப் பதினாலு பேரை நீ சேர்க்கும் நாளில் பதினைந்தாவதாக என் பெயரை எழுதிக்கொள். அதுவரை நான் வரமாட்டேன். ஆட்களைக் கூட்டி வருகிறேன், உள்ளே வரமாட்டேன்.

உத்திராபதி


புதுச்சேரி
10.3.2025

அண்ணனுக்கு,

உங்கள் நுரையீரலை வைத்து என்னிடம் வேலைநிறுத்தம் செய்கிறீர்கள். மில்லில் கூலிக்காக ஆட்கள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தபோது மேற்பார்வையாளராக அவர்களைத் திட்டியவர் நீங்கள்தான். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நான் மந்திரி இல்லை. ஒரு விதியை மாற்ற வேண்டுமானால் ஃபைல் எழுத வேண்டும், அது ஐந்து மேசைகள் ஏற வேண்டும், ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் லீவில் இருப்பார். அதுவரை உங்களுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு அப்பா பிப்ரவரியில் இருமத் தொடங்கினார். நான் இங்கிருந்து போனிலேயே மருந்து சொன்னேன். சளி என்றேன், அலர்ஜி என்றேன். ஜூலையில்தான் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். நவம்பரில் அவர் இல்லை. எடுத்துப்போகும் முன்பு வாசலில் அத்தனை பேர் மத்தியில் நீங்கள் சொன்னீர்கள்: "வீட்டுலயே ஒரு டாக்டர வச்சுக்கிட்டு அஞ்சு மாசம் சும்மா இருந்துட்டோம்."

நீங்கள் சொன்னது தப்பு என்று நான் ஒருநாளும் வாதாடவில்லை. அதனால்தான் இந்தத் திட்டத்தையே கேட்டு வாங்கினேன். இப்போது நீங்களே வரமாட்டேன் என்றால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

ஃபைல் எழுதத் தொடங்கிவிட்டேன். அதுவும் உங்களுக்காக இல்லை. பெரியநாயகி கேட்ட கேள்விக்காக.

பிரதீபா


போலகம்
4.6.2025

தங்கைக்கு,

முகாமுக்கு இருபத்தொரு பேரை வேனில் ஏற்றினேன். ஆஸ்பத்திரி வாசலில் "நுரையீரல் புற்றுநோய் பரிசோதனை முகாம்" என்று ஆள் உயரத்துக்கு பேனர் கட்டி வைத்திருந்தாய். அதைப் பார்த்ததும் பத்துப் பேர் டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள், பஸ் ஏறிவிட்டார்கள். மில் ஆட்களுக்கு மார்புச் சோதனை என்று எழுதியிருந்தால் எல்லோரும் உள்ளே வந்திருப்பார்கள். நீ கணினியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அதைவிடப் பெரிய விஷயம் இளையபெருமாள். பதினோரு பேரில் அவருக்கு மட்டும் ஏதோ புள்ளி தெரிகிறது, புதுச்சேரி போக வேண்டும் என்று போனில் ஒரு பெண் சொன்னாளாம். என்ன புள்ளி என்று சொல்லவில்லை. யாரைப் பார்ப்பது என்றும் சொல்லவில்லை. நான்தான் கூடப் போனேன். முதல் தடவை, உங்கள் படிவத்தில் ஒரு முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை, ஸ்கேன் படம் வரவில்லை என்றார்கள். மூன்றாம் தடவைதான் ஊசி குத்தி எடுத்தார்கள். அதற்கு முடிவு வரப் பதினெட்டு நாள்.

எல்லாம் சேர்த்து ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தில் அவர் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகவில்லை. மகளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், இந்த நிலைமையில் பேச வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கடைசியில் அது எப்போதோ வந்து ஆறின டி.பி. தழும்பு, கவலை இல்லை என்றார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள்.

நீ போட்ட திட்டத்தைப் பதிவேடு எழுதினவன் கண்ணோடு பார்த்தால், அது ஸ்கேன் எடுக்கிறவரைதான் இருக்கிறது. எடுத்த பிறகு மனுஷன் என்ன ஆவான் என்று ஒரு வரி கூட இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீ முதல் கடிதத்தில் எழுதியிருந்ததால். போனை நான் எடுக்காதது கோபத்தால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பா காரியம் முடிந்து நீ போன் செய்தபோதெல்லாம் நான் ஒரு இருமல் இருமினால் நீ பேச்சை நிறுத்திவிடுவாய். எத்தனை தடவை இருமுகிறேன் என்று எண்ணுவாய். எண்ணுவது எனக்குக் கேட்கும். வாசலில் நான் சொன்ன வார்த்தைதான் உன்னை அப்படி ஆக்கியது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அல்லியிடம் கொடுத்துவிடுகிறேன்.

உத்திராபதி


புதுச்சேரி
1.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை மட்டும் விட்டுவிட்டேன். அது எனக்கு.

இளையபெருமாள் விஷயத்தில் தவறு முழுவதும் என்னுடையது. படிவம் நான் தயாரித்தது. அவரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன், அல்லி அண்ணி சொல்லியிருப்பார். அவர் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதைக் குடிப்பதற்குள் வெட்கத்தில் போதும் போதும் என்றாகிவிட்டது. இனிமேல் புள்ளி தெரிந்தவர்களுக்கு ஒரு செவிலியர் வீட்டுக்கே போய் விளக்குவார், அவரே கூட அழைத்துவருவார். பத்தில் இரண்டு மூன்று பேருக்கு இப்படி ஏதாவது தெரியும், பெரும்பாலும் அது புற்றுநோயாக இருக்காது என்பதையும் ஸ்கேன் எடுக்கும் முன்பே சொல்லிவிடுவோம். முத்திரையை எடுத்துவிட்டேன். பேனரில் இப்போது மில் ஆட்களுக்கு மார்புச் சோதனை என்றுதான் இருக்கிறது.

இன்னொரு செய்தி. ஃபைல் இறங்கிவிட்டது. வசிக்கும் இடம் என்பதை அடித்துவிட்டு, வேலை செய்த இடம் என்று மாற்ற ஒப்புக்கொண்டார்கள். அத்தாட்சியாக எதைக் காட்டுவது என்று கேட்டார்கள். நீங்கள் எழுதிய வருகைப் பதிவேட்டின் நகலைக் காட்டினேன். இருபத்தேழு வருஷத்தில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லையே என்று அவர்களே அதிசயப்பட்டார்கள். அந்தப் பக்கத்து அதிகாரி சிவராமன் என்பவர், சிகிச்சை தேவைப்படுகிறவர்களைத் தங்கள் மாவட்டத்தில் பார்த்துக்கொள்வதாக எழுத்தில் கொடுத்திருக்கிறார்.

பீடி பிடிக்காத பெண்களுக்கு ஸ்கேன் இல்லை. ஆனால் மூச்சுச் சோதனையும் எக்ஸ்ரேயும் உண்டு. பெரியநாயகியிடம் காரணத்தை நானே சொல்கிறேன். மில்லின் புகைபோக்கியை உயர்த்தச் சொல்லி நோட்டீஸும் போகிறது.

பதினான்கு பேரைச் சேர்த்தாயிற்று. பதினைந்தாவது பெயரை என் கையால் எழுதியிருக்கிறேன். ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை. இனிமேல் சாக்குச் சொன்னால் நானே போலகம் வந்து உங்களை வேனில் ஏற்றுவேன்.

பிரதீபா


புதுச்சேரி
5.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். முதல் ஆளாக வந்து வரிசையில் நின்றீர்கள். உங்கள் பின்னால் பதினான்கு பேரும் நின்றார்கள்.

நேற்று மருத்துவர் உங்களிடம் எல்லாவற்றையும் நேரில் சொல்லிவிட்டார். ஆனாலும் எழுதுகிறேன். வலது நுரையீரலின் மேல் பகுதியில் பதிமூன்று மில்லிமீட்டர் கட்டி. ஊசிச் சோதனையில் உறுதியாகிவிட்டது. வேறு எங்கும் பரவவில்லை. முதல் நிலை. இந்த மாதம் இருபத்தொன்றாம் தேதி அறுவைச் சிகிச்சை. அந்த ஒரு பகுதியை எடுத்துவிட்டால் போதும் என்கிறார்கள். பீடியை நீங்கள் அன்றைக்கே குப்பையில் போட்டதாக அண்ணி சொன்னார். பீடி ஆசையை அடக்க நிகோட்டின் சூயிங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மருந்துக்கடையில் வாங்கி மெல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் உங்கள் ஃபைலைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

மார்ச் இரண்டாம் தேதி நிபந்தனை போட்டு எழுதினீர்கள். ஜூலை பன்னிரண்டில் ஸ்கேன். நடுவில் நூற்று முப்பத்திரண்டு நாள். ஏப்ரலில் ஒரு மேசையில் என் ஃபைல் பத்தொன்பது நாள் கிடந்தது, நான் போய்க் கேட்கவில்லை. மே மாதம் ஒரு வாரம் டெல்லியில் பயிற்சிக்குப் போனேன். இந்த நாட்களில் அது எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்தது? மருத்துவரைக் கேட்டேன். பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். இருந்திருக்காது என்றுதான் சொன்னார், இல்லை என்று சொல்லவில்லை.

அப்பாவுக்கு ஐந்து மாதம். உங்களுக்கு நாலரை. என்னைப் போல ஒரு டாக்டர் எந்த வீட்டிலும் இருக்க வேண்டாம்.

பிரதீபா


போலகம்
20.9.2025

என் அன்புத் தங்கை பிரதீபாவுக்கு,

வீட்டுக்கு வந்து பதினேழு நாள் ஆகிறது. வாய்க்கால் வரைக்கும் நடக்கிறேன். பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன். எடுத்த சதையில் ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது, நிணநீர் முடிச்சுகளில் ஒன்றுமில்லை, வேறு மருந்து தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். படித்திருப்பாய். என்னைப் பற்றிய காகிதம் எதையும் நீ படிக்காமல் விட்டதில்லை.

அதைப் பற்றித்தான் உன்மேல் எனக்குக் கோபம். பன்னிரண்டு நாள் வார்டில் கிடந்தேன். தினமும் இரண்டு வேளை வந்தாய். வந்ததும் கட்டில் காலில் தொங்குகிற அட்டையை எடுப்பாய், படிப்பாய், நர்சைக் கூப்பிட்டுத் திட்டுவாய், போய்விடுவாய். முத்தமிழ் என்ற அந்தச் சின்ன நர்ஸ் நீ வருகிற நேரம் பார்த்து ஒளிந்துகொள்வாள். ஒரு நாள் கூட என் முகத்தைப் பார்த்து, அண்ணா வலிக்கிறதா என்று நீ கேட்கவில்லை. அட்டைக்கு வலிக்காது பிரதீபா.

மில் ஆட்கள் பார்க்க வந்தார்கள். பெரியநாயகிக்கு மூச்சுக்குழல் சுருங்கியிருக்கிறதாம், உறிஞ்சுகிற மருந்து கொடுத்திருக்கிறார்கள். அடுப்படியிலிருந்து அவளை மூட்டை தைக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நீ வந்து உட்கார்ந்து விளக்கினதில் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை என்றாள். ஆனால் கேட்டதற்கு ஒருத்தர் நேரில் வந்து பதில் சொன்னது அவளுக்கு ஆச்சரியம். அலாவுதீன் இன்னும் வரமாட்டேன் என்கிறார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் ஆகஸ்ட் மாதக் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நாள் எண்ணுவதில் நீ கெட்டிக்காரி. ஆனால் யார் கணக்கில் எழுத வேண்டியதை யார் கணக்கில் எழுதுகிறாய் என்று பார்க்கவில்லை. என் தொழில் அதுதான். இருபத்தேழு வருஷம் இன்னார் வந்தார், இன்னார் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன். ஆகவே இதையும் முறையாக எழுதித் தருகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

போலகத்தில் வசிக்கும் உத்திராபதி ஆகிய நான் முழு நினைவோடு எழுதுவது. 2.3.2025 முதல் 12.7.2025 வரை நூற்று முப்பத்திரண்டு நாளும் சோதனைக்கு வராமல் இருந்தது நான். கூப்பிட்டும் வராதவன் நான். அந்த நாட்கள் முழுவதும் என் கணக்கைச் சேர்ந்தவை. என் தங்கைக்கு அதில் ஒரு நாள் கூடக் கிடையாது.

இரண்டாவது. நம் தந்தையார் இருமிய ஐந்து மாதமும் அடுத்த அறையில் படுத்திருந்தவன் நான். அவர் சட்டை தொளதொளவென்று ஆனதைக் கண்ணால் பார்த்தவன் நான். காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரத்தில் கூட்டிப் போயிருக்கலாம், போகவில்லை. நூறு மைலுக்கு அப்பால் போனைக் காதில் வைத்திருந்தவளை வாசலில் நிறுத்திக் குற்றம் சொன்னேன். சொன்னது பொய். எனக்குப் பயமாக இருந்தது, அதனால் சொன்னேன். அந்த வார்த்தையை அடித்துவிடுகிறேன். இது என் பதிவேட்டில் முதல் அடித்தல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
உத்திராபதி

சாட்சி: அல்லி

பிரதீபா, சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். இந்த ஒரு கடிதத்தை எழுத இவருக்கு நாலு நாள் ஆச்சு, ஏழு தாள் கிழிச்சாச்சு. எழுதும்போது என்னை அறைக்குள்ள வர விடலை. நீ இதுக்குப் பதில் எழுத உட்காராதே. நிலாவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பி வா.